என்னைச் சாட்சி வைத்து நீ எழுதிய வரி

பிள்ளை, வியாழக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். நூலகம் போடும் கண்காட்சிப் புத்தகத்தில் பிரெஞ்சு, கிரியோல், ஆங்கிலப் பக்கங்களோடு தமிழிலும் ஒரு பக்கம் வர வேண்டும் என்று அவர்களிடம் நீயே கேட்டு வாங்கியிருக்கிறாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீயே அதை எழுதியும் இருக்கிறாய். ஒன்பது இடங்களில் சிவப்பு மை போட்டேன். எல்லாம் சின்னத் திருத்தங்கள், உன் வயதில் என் ஆசிரியர் எனக்கு இதைவிட அதிகம் போட்டிருக்கிறார். பன்னிரண்டாவது வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். “எங்கள் யாழ்ப்பாணத்தில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருந்ததில்லை. நாற்பது வருடம் செய்தியாளராக இருந்த என் தந்தையிடம் கேட்டு இதை உறுதிப்படுத்திக்கொண்டேன்” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி பொய். அதைப் பொய்யாக்கியவன் நான்.

பக்கம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். இன்று சனிக்கிழமை காலை. இந்தக் கடிதத்தை அம்மா நாளைக்கு லாசாலில் உன் வீட்டுக்கு வந்து உன் கையில் தருவாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் வேறு ஏதாவது சொல்லி வழுக்கிக்கொண்டு போய்விடுவேன். அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தில் அப்படிச் செய்தால் வழுக்கிய இடம் தாளில் தெரியும்.

மூன்று கிழமைக்கு முன் செயின்ட்-மிஷேலில் கண்காட்சி நடக்கப்போகிற தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு நீ என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனாய். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஆனாலும் நான் பார்த்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். கூரைக் குழாய்களிலிருந்து மீன்பிடிக்கும் தங்கூசி நூலில் உடுப்புகள் தொங்கின. பொம்மையும் இல்லை, தலையும் இல்லை. வெள்ளைப் பொத்தான் வைத்த கருநீலக் கோட்டு ஒன்று. முழங்கையில் ஒட்டுப் போட்ட மண்ணிறச் சட்டை ஒன்று. கோடு போட்ட பாவாடையும் அதன்மேல் ஒரு சால்வையும். கதவு திறந்து காற்று வந்தபோது எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. இவற்றைத் தைத்தவர் உன் சொலாஞ் அன்ரி. ஹெயிட்டியிலிருந்து வந்து பதினாலு வருடம் தையல் தொழிற்சாலையில் அம்மாவுக்கு அடுத்த மெஷினில் இருந்தவர். அம்மா சட்டைக் கைகளைத் தைக்க, அவர் கொலர் தைத்தார். ஓய்வு எடுத்த பிறகு அவர் ஒரு கலைஞராகிவிட்டார் என்று அம்மா சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருநூறு வருடத்துக்கு முன் இதே மொன்றியலில் ஆட்களை விற்றார்கள், வாங்கினார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அதெல்லாம் அமெரிக்காவில், கரும்புத் தீவுகளில் நடந்தது என்று நினைத்திருந்தேன். கறுப்பர்களையும் இந்த மண்ணின் ஆதிக்குடிகளையும் இங்கே வீட்டுச் சாமானாக வைத்திருந்தார்கள் என்றும், அவர்கள் தப்பி ஓடினால் சொந்தக்காரர் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார் என்றும் நீ சொன்னாய். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். வயது, உயரம், எந்த மொழி பேசுவாள், முகத்தில் அம்மைத் தழும்பு எந்தப் பக்கம், ஓடிய அன்று என்ன உடுத்திருந்தாள். கேட்கக் கேட்க எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? நல்ல நிருபர்கள் என்பதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிடித்துக் கொண்டுவருவதற்காக எழுதியதால் அவ்வளவு துல்லியம். அந்தத் துல்லியத்தை எடுத்துத்தான் சொலாஞ் துணியில் வெட்டியிருந்தார். சங்கிலியும் சவுக்கும் செய்து வைக்காமல் ஏன் உடுப்பு என்று நான் கேட்டேன். “கட்டிப் போட்டிருந்தவையின்ர படம் எல்லா இடத்திலையும் கிடக்காம் அப்பா. தான் ஓடினவையின்ர உடுப்பைத் தைக்கிறாவாம். இது எல்லாம் வெளியால போன உடுப்பாம்” என்று நீ சொன்னாய்.

பிறகுதான் அவர் என்னிடம் கேட்டார். அங்கே தைக்க வருகிற எல்லோரிடமும் அவர் கேட்கிற கேள்வி அது.

“அப்பா, உங்கட இடத்திலயும் இப்பிடி இருந்ததோ எண்டு கேக்கிறா.”

“எப்பிடி?”

“ஆக்களை ஆக்கள் சொந்தமா வச்சிருக்கிறது.”

“சீ, எங்களுக்குள்ள அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை. வெள்ளைக்காரன்தான் எங்களை அடிமையா வச்சிருந்தவன்.”

“ஷூரா அப்பா?”

“நாப்பது வருசம் பேப்பரில இருந்தவனிட்டைக் கேக்கிறாய்.”

நீ சிரித்துக்கொண்டே அதை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னாய். அவர் வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பஸ்ஸில் வைத்துத்தான் கேட்டேன். அப்படியென்றால் உங்கள் ஆட்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றாராம்.

நம் வீட்டு உறுதிப் பையை உனக்குத் தெரியும். காணி உறுதிப் பத்திரங்களைப் போட்டு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சை ரெக்சின் பை. உனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் அதைக் கிண்டி, அடியில் கிடந்த ஐந்து பனையோலைகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து இது என்ன என்று கேட்டாய். பழைய காலத்துச் சாதகம் என்று சொன்னேன். சாதகம் என்றால் என்ன என்று கேட்டாய். பிறந்த நேரத்தை வைத்து ஒருவருடைய வாழ்க்கை எப்படிப் போகும் என்று எழுதி வைப்பது என்றேன். அடுத்த நாள் நீ அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாய். ரீச்சர் மிகவும் மெச்சினார் என்று வந்து சொன்னாய். நான் உன் தலையைத் தடவிவிட்டேன்.

அது சாதகம் இல்லை, பிள்ளை. என் பாட்டனாரின் பாட்டிக்குக் கல்யாணத்தில் எழுதிக் கொடுத்த சீதன உறுதி. ஊரில் நான் கன காலம் நீதிமன்ற நிருபராக இருந்தவன். காணி வழக்குகளுக்காகப் பழைய உறுதிகளை வாசிக்கப் பழகியவன். நம் குடும்பத்தில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். ஆகவே நான் என்ன சொன்னாலும் அதுதான் அந்த ஓலையில் எழுதியிருப்பது என்று ஆகிவிடும். அதில் உள்ளதை வரிசை மாறாமல் தருகிறேன். வீடும் வளவும். கிணற்றில் பாதி. பனை நின்ற காணி ஒரு துண்டு. காப்பு ஒரு சோடி, அட்டியல் ஒன்று. வெண்கலக் குடம் இரண்டு. பசு ஒன்று, அதன் கன்று ஒன்று. வள்ளி என்பவள், வயது இருபத்துநாலு. அவளுடைய மகள் சின்னி, வயது ஆறு. மரப்பெட்டி ஒன்று. அவ்வளவுதான். மரப்பெட்டிக்குப் பிறகு சாட்சிக் கையெழுத்துகள். ஆறு வயதில்தான் நீ இந்த ஊர் விமான நிலையத்தில் வந்து இறங்கினாய், நினைவிருக்கிறதா? ஓலையை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வயதில் என் கண் நிற்கும். நின்றுவிட்டுப் பிறகு பெட்டிக்குப் போய்விடும்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். வெட்கம் என்று சொன்னால் எனக்கு நானே நல்ல பெயர் தேடுவதாக ஆகும். வசதி என்று சொல்வதுதான் சரி. இங்கே வந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் நம் பத்திரிகையில் நாங்கள் அடிபட்டவர்கள் என்று எழுதினேன். அது உண்மை. என் தம்பியின் உடம்பு கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொன்றை ஒளித்து வைக்க நிறைய இடம் இருந்தது. நான் ஒளித்து வைத்தேன். இது எனக்கு இங்கே வந்து பழகிய பழக்கமும் இல்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு முப்பது வயதாகியிருக்கவில்லை. ஊரில் ஒரு கோயில் வாசலில், உள்ளே வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டு நின்றவர்களை அடித்தார்கள். நான் அங்கே போனேன். இரத்தத்தைப் பார்த்தேன். அலுவலகத்துக்கு வந்து, இரு பகுதியினருக்கிடையே ஏற்பட்ட கைகலப்பில் நால்வர் காயம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையில்லாதபடிதான் எழுதியிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்தார். தலையில் கட்டு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், என்னை ஐயா என்று கூப்பிட்டார்.

“இது நீங்கள் எழுதினதோ, ஐயா?”

“ஓம்.”

“ரெண்டு பகுதி எண்டு போட்டிருக்கிறியள். அடிச்சது ஒரு பகுதி, அடி வாங்கினது மற்றப் பகுதி. கைகலப்பு எண்டா எங்கட கையும் அங்கை போயிருக்கவேணும். போகேல்லை, ஐயா.”

“பேந்து பாப்பம்.”

“பேந்து எண்டா எப்ப?”

நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். அடுக்குவதற்குத் தாள் முடிந்த பிறகும் நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. திருத்தம் வரவில்லை. அவருடைய பெயரை நான் கேட்கவும் இல்லை. பெயரைக் கேட்காமல் விடுவது ஒரு நிருபர் செய்யும் முதல் பிழை, அது எனக்கு அன்றும் தெரியும். நீ இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறாய். தொடர்ந்து எழுதுவாய், உன் வசனத்தில் அந்த நிதானம் இருக்கிறது. இரண்டு பகுதி என்று எங்காவது உன் கை எழுதப் போனால் நிறுத்திவிட்டு, யார் அடித்தது என்று கேள். இன்னொன்றும் சொல்கிறேன். ஒருவரைச் சாட்சியாக வைத்து எழுதுகிறபோது, உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன நட்டம் என்று ஒருமுறை யோசித்துப் பார். அவர் உன் அப்பாவாக இருந்தாலும்.

அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் கூடவே வந்தது. சொலாஞ் முதல்முதல் நம் கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக்கு வந்த சனிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். அம்மா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். தேத்தண்ணீர் நான் போட்டேன். எனக்கும் அம்மாவுக்கும் பீங்கான் கோப்பையில் ஊற்றினேன். அவருக்கு உன் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த கடதாசிக் கோப்பையை எடுத்தேன். யாரும் என்னிடம் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. யோசித்தும் செய்யவில்லை. குறைந்த சாதி என்று ஒதுக்கியவர்கள் வந்தால் வேறு ஏனத்தில் கொடுக்கிற வீட்டில் வளர்ந்த கை, அதுவாகவே அந்த அலுமாரியைத் திறந்தது.

“அப்பா, ஏன் அன்ரிக்கு மட்டும் என்ர பேர்த்டே கப்?”

“கொண்டுபோகச் சுகம் எண்டு.”

“அவ போகேல்லையே. இருக்கிறாவே.”

உனக்குப் பதினொரு வயது. அம்மா குசினியால் வந்து பார்த்தாள். தன் தேத்தண்ணீரைப் பீங்கானிலிருந்து இன்னொரு கடதாசிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் அம்மாவைப் பற்றி நான் எத்தனையோ எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இதிலிருந்துதான் தொடங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை நீ போன பிறகு நான் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து அம்மா கேட்டாள்: “என்ன, பிள்ளை எழுதினதில அவ்வளவு பிழையோ? அரை மணித்தியாலமா ஒரே இடத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்.”

“இஞ்சரும், அந்தச் சாதக ஓலை சாதகம் இல்லை.”

“அது எனக்குத் தெரியும். சாதகமெண்டாக் கட்டம் கீறியிருக்குமே. ஏதோ காணி உறுதியாக்கும் எண்டு விட்டிட்டன்.”

நான் ஓலையை எடுத்து, இந்தத் தடவை ஒன்றையும் தாண்டாமல் வாசித்தேன். ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பசுவுக்குப் பிறகோ?”

“ஓம்.”

“கன்றுக்கும் பிறகோ?”

“ஓம்.”

அவள் சொன்னாள்: “சண்டைக்குள்ள ஊரை விட்டுக் கிளாலியில வள்ளம் ஏறேக்க ஒரு பைதான் எண்டவங்கள். பிள்ளையின்ர உடுப்புப் பையைக் கரையில போட்டிட்டு உந்தப் பையைத்தான் தூக்கினனான். உடுத்த உடுப்போட கொழும்புக்கு வந்த பிள்ளை அவள். இன்னொரு பிள்ளையை எழுதிக் குடுத்த ஓலையையோ நான் காவிக்கொண்டு வந்தனான்?” நாளைக்கு சொலாஞ்சிடம் போக வேண்டும் என்றாள். முதலில் உனக்குச் சொல்லலாமே என்றேன். “பொய் சொன்னது அவவிட்டை. அவவிட்டை முதல் சொல்லுங்கோ. பிள்ளைக்குப் பேந்து.” உனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அதற்காகக் கோபிக்க வேண்டுமென்றால் என்னைக் கோபி, அம்மாவை விடு.

நேற்று மத்தியானம் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்தோம். சொலாஞ் தனியே இருந்து ஒரு கோட்டுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தார். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், அது வணக்கத்திலும் நன்றியிலும் முடிந்துவிடும். அம்மாவின் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. அதில் ஊசி உண்டு, கைநீளம் உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு, அடிமை என்ற சொல் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் சொல் தேடினாள். பிறகு மேலே தொங்கிய உடுப்புகளை ஒரு கையால் காட்டினாள், மற்றக் கையால் என்னைக் காட்டினாள். “ஷே நூ ஒசி” என்றாள். எங்கட வீட்டிலயும்.

சொலாஞ் மெஷினில் இருந்து காலை எடுத்தார். எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். பெயர் கேட்டார். வள்ளி, சின்னி என்றேன். அவருக்கு ‘ள்’ வரவில்லை. வரும்வரைக்கும் சொல்லிப் பார்த்தார், நாலோ ஐந்தோ தரம். பிறகு ஒரு துண்டு நாடாவை நீட்டி, இரண்டு பெயரையும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்.

“என்ன உடுத்திருந்தவை எண்டு கேக்கிறா.”

“அதில எழுதேல்லை எண்டு சொல்லும்.”

அம்மா அதைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. தன் தோளில் கையை வைத்து, ஒரு தோளிலிருந்து மற்றத் தோள்வரை இழுத்துக் காட்டினாள். “பா தெ ஷெமீஸ். தெஃபாந்து.” சட்டை இல்லை, தடை. புகைக்கத் தடை என்று தொழிற்சாலைச் சுவரில் பதினாலு வருடம் பார்த்துக்கொண்டிருந்த சொல் அது. அந்தப் பெண்கள் மேல் உடம்பை மூட விடாமல் வைத்திருந்த ஊர் நம் ஊர் என்பதை அம்மா அந்த இரண்டு சொல்லில் சொல்லி முடித்தாள். சொலாஞ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. அம்மா இரண்டு சட்டை தைக்கிறேன் என்றாள், கழுத்துவரை மூடின நல்ல சட்டை. சொலாஞ் முடியாது என்றார். “பேப்பரில இருக்கிறதை மட்டும்தான் தைப்பாவாம். இல்லாததைத் தைச்சா இருக்கிறதையும் சனம் நம்பாதாம். உடுப்புத் தொங்கவிடுற கொழுவியை வெறுமையாத் தூக்கச் சொல்லுறா” என்று அம்மா என்னிடம் முறையிட்டாள். எந்த ஆசிரியபீடத்திலும் இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொலாஞ் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் அம்மா விடவில்லை. “வெறுங்கொழுவியைத் தூக்கினா அவையளைத் திருப்பியும் உரிஞ்சுவிட்ட மாதிரி எல்லோ இருக்கும்? கேளுங்கோ அவவை!” நான் எப்படிக் கேட்பது? அவளே தமிழும் பிரெஞ்சும் கையும் காலுமாகக் கேட்டாள். ஒருத்தி நடந்ததை நடந்தபடி வைக்க வேண்டும் என்கிறாள், மற்றவள் நடந்திருக்க வேண்டியதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் சரி. கொலரும் கையும் பொருந்தாவிட்டால் இரண்டு பேரும் இப்படித்தான் கத்துவார்களாம், பிறகு அம்மா சொன்னாள்.

கடைசியில் சத்தம் ஓய்ந்தது. அம்மா எழும்பிப் போய் இறாக்கையிலிருந்து வெட்டாத வெள்ளைத் துணி ஒரு கட்டு எடுத்தாள். அதை விரித்து ஒரு கொழுவியின் தோளில் போட்டாள், தைக்காமல், குத்தாமல். துணி நிலம்வரை விழுந்தது. சொலாஞ் சுற்றி வந்து பார்த்தார். முன்னால் ஒரு மடிப்பைச் சரிசெய்தார். பிறகு இன்னொரு துணியை எடுத்து, அந்தக் கொழுவிக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு முழம் தாழ்வாக, சின்ன ஒன்றில் தானே போட்டார்.

வெளிக்கிடும்போது அவர் என்னைத் தலையால் காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டார். “நீங்கள் இனி என்ன செய்யப்போறியள் எண்டு கேக்கிறா.” மகளுக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். சொலாஞ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு மன்னிப்பு இருந்ததா என்று தெரியவில்லை, இருந்ததாக எழுத மாட்டேன். “எனக்குச் சொல்லிப்போட்டார், நான் ஆரோ ஒருத்தி. மகளுக்குச் சொல்லட்டும் பாப்பம் எண்டு சொல்லுறா” என்றாள் அம்மா.

இதோ சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது வரிக்குப் பதிலாக இதைப் போடு: “எங்கள் யாழ்ப்பாணத்தில் மனிதரை மனிதர் சொத்தாக எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பமும் கொடுத்தது. வள்ளி, வயது இருபத்துநாலு. அவள் மகள் சின்னி, வயது ஆறு. என் தந்தைக்கு இது தெரிந்திருந்தது. நான் முதல்முறை கேட்டு எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.” உன் சொல்லில் மாற்றி எழுது, உண்மையை மட்டும் மாற்றாதே. குடும்பத்தின் பெயரைப் போடுவதா விடுவதா என்பது உன் முடிவு. அது உன் பெயரும்தான். போட்டால் உன் மாமா ரொறன்ரோவிலிருந்து கத்துவார், நம் ஆட்கள் சிலர் சனத்தின் மானத்தை விற்றுவிட்டாள் என்று உன்னைத்தான் சொல்வார்கள், என்னைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே அந்த இடத்தை நான் நிரப்பாமல் விடுகிறேன். பழைய வரி மட்டும் அச்சில் ஏறக்கூடாது.

உனக்குக் கேட்க நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். வள்ளி பிறகு என்ன ஆனாள் என்று கேட்டால், தெரியாது. சின்னி பெரியவளானாளா என்று கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். எங்களைப் போல் அவர்களும் குண்டுக்குத் தப்பி எங்கெங்கோ போயிருப்பார்கள். இந்த நகரத்திலேயே இருக்கலாம். மெட்ரோவில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் பத்திரிகையையே வாசித்திருக்கலாம். நீ எழுதும் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர்களில் ஒருவர் கண்காட்சிக்கு வரலாம். வந்தால் அவருக்கு முன்னால் நிற்க வேண்டியது நீ இல்லை. திறப்பு நாளில் கதவு திறக்கும்போதே நான் வந்து, அந்த இரண்டு வெள்ளைத் துணிகளுக்குக் கீழே நிற்பேன். கேட்பவருக்குப் பதில் சொல்வேன். வருகிறவரின் பெயரைக் கேட்பேன்.

என் பக்கத்தில் வந்து நில் என்று உன்னைக் கேட்கவில்லை. அறையின் அந்தக் கரையில் எங்காவது நில், நான் சொல்வது உன் காதுக்குக் கேட்கிற தூரத்தில். அது போதும்.

அப்பா